மேளம் வரும்போது அடித்த கொக்கிகள்

அக்கா,

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி: "அந்தப் பலகை என் புத்தகங்களுக்காகப் போட்டது."

இன்று எங்கள் அலுவலகத்தில் வெள்ளையடிக்கிறார்கள். பழைய காரையைச் சுரண்டித் தண்ணீர் தெளித்ததும், நனைந்த சுண்ணாம்பின் வாசனை என் மேஜைவரை வந்தது. போன மாதம் நீங்கள் இறந்த செய்தி கேட்டபோது வராத நடுக்கம் இந்த வாசனையில் வந்தது. நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்பதால்தான் எழுத முடிகிறது. என் தைரியத்தின் அளவு அவ்வளவுதான்.

மாட வீதியில் அந்த வீட்டின் கடைசி அறை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் நீங்களும், தாலுகா அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த நானும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. உங்களிடம் ஒரு பெட்டி. என்னிடம் துணிக்கு ஒன்று, புத்தகங்களுக்கு இரண்டு. இரண்டு பாய் விரித்தால் கதவு திறக்காது. நீங்கள் காலை மடக்கிக்கொண்டு தூங்கியதற்குக் காரணம் என் புத்தகப் பெட்டிகள்தான்.

வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக்கூடாது. செவுரு எனக்கு உசிரு." அவருடைய கூடத்தில் ஆணி இல்லாத இடமே கிடையாது. சாமி படங்கள், மூன்று வருடத்துக் காலண்டர்கள், மாலை போட்ட தகப்பனார், யாரோ ஒரு மந்திரியின் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் அவரே. வாடகைக்கு விட்ட சுவரில் மட்டும்தான் உயிர் இருந்தது போலிருக்கிறது.

புருஷனை விட்டு வந்தவள் என்று தெரிந்து நான்கு வீடுகளில் உங்களுக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள். இவர் சொல்லவில்லை. தன் பெரிய மனதைப் பற்றித் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். இந்த அறை போனால் கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீடுதான், அங்கே போனால் அவர் உங்களைத் திரும்பவும் புருஷனிடமே கொண்டுபோய் விடுவார் என்று என்னிடம் சொல்லியிருந்தீர்கள். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல வழியில்லை.

தீபத் திருவிழாவில் தினமும் சாமி வீதி உலா வரும். மேளம் வாசலை நெருங்கியதும் வீட்டுக்காரர் குடும்பத்தோடு கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார். அதே நேரம் கடைசி அறையில் நீங்கள் சுத்தியலை எடுப்பீர்கள். சுவரில் உளியால் குடைந்து, மரத்துண்டை இறுக்கி, அதில் கொக்கியைத் திருக வேண்டும்.

"தவுல் ஓங்கட்டும், அப்பதான் அடிக்கணும். அதுவரைக்கும் கட்டைய புடிச்சிக்கினு நில்லுடி."

"சாமிக்குத் தெரியுமேக்கா?"

"தெரியட்டும். அவரு இன்னா, வாடகையா வாங்கறாரு?"

திருவிழா முடிந்தபோது பதினோரு கொக்கிகள். கதவுக்குப் பின்னால் குடையும் ஒயர்கூடைகளும், ஸ்டவ்வுக்கு மேலே வாணலியும் கரண்டிகளும், ஜன்னல் பக்கம் சுருட்டிய பாய்களும் தொங்கின. முக்காலிகூடத் தலைகீழாகத் தொங்கியது. இரண்டு கொக்கிகளில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகையில் என் புத்தகங்கள். காலிப் பெட்டிகளை வெளியேற்றிவிட்டு நீங்கள் அறையின் நடுவில் காலை நீட்டிப் படுத்தீர்கள்.

"நமக்கு இவ்ளோ ஜாஸ்தி தரை இருந்துச்சாடி?"

பலகையைப் பற்றி ஒன்று மட்டும் சொன்னீர்கள்: "பத்து புஸ்தகம் போதும். செவுரு பழசு." நான் அதன்மேல் நாற்பதை அடுக்கினேன். அறிவு பெருகும்போது சுவரைப் பார்க்கிற வழக்கம் எனக்கில்லை. பெண்கள் அறை என்று வீட்டுக்காரரும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அடுத்த ஐப்பசி மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பலகை விழுந்தது. முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? யார் வேலை?"

"நான்தாங்க அடிச்சேன்" என்றீர்கள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"உம் புருஷன் வூட்டுச் செவுத்துல போய் அடிக்கிறதுதானே?"

"அங்க செவுரு நல்லாத்தாங்க இருந்துச்சு. ஆளுதான் சரியில்ல."

அவர் முகம் கறுத்தது. "இந்த வாய்க்குத்தான் ஒரு எடத்துல நிக்க முடியல உனக்கு. மாசம் முடியட்டும், காலி பண்ணிடு." பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் தேன் வழிந்தது. "நீ ஆபீஸ் போற பொண்ணு. உனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. இல்லம்மா?"

தரையெங்கும் புத்தகங்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் என் பெயர். ஒன்றை விரித்துக் காட்டியிருந்தால் போதும். நான் குனிந்து ஒன்றை எடுத்து, அதன்மேல் இருந்த சுண்ணாம்புத் தூசியைத் துடைத்தேன். தலை குனிந்ததை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். என்னையும் அனுப்பிவிட்டால் வேறு அறை தேட வேண்டுமே என்பதுதான் அந்த நிமிடத்தில் எனக்குள் ஓடிய உயர்ந்த சிந்தனை. எனக்குக் கிடைத்திருக்கும். உங்களுக்குத்தான் கிடைக்காது.

அவர் போனதும் நீங்கள், "மழை சாரல் அடிக்குது. புஸ்தகத்த எடுத்து வை" என்றீர்கள்.

வீட்டுக்காரரை வெறுப்பது சுலபம். பல வருடம் அதைச் செய்து என்னை நல்லவளாக நினைத்துக்கொண்டேன். அவர் ஓர் அற்பர். சுவரைக் காப்பேன் என்று சொன்னார், காத்தார். நான் அந்த மனிதரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக உங்களைக் கொடுத்தேன். அறத்தைப் பற்றி அத்தனை பேர் எழுதியதைப் படித்து அடிக்கோடு போட்டவள் நான். இப்போதும் படிக்கிறேன். அடிக்கோடு போட மட்டும் கை வருவதில்லை.

மாதக் கடைசியில் உங்கள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். பத்து நாளில் உங்களைப் புருஷன் வீட்டில் விட்டுவிட்டார் என்று இன்ஸ்டிடியூட்டில் சொன்னார்கள். வீட்டுக்காரர் காரையைப் பூசினார். மிச்சமிருந்த ஒன்பது கொக்கிகளைப் பிடுங்கவில்லை. உங்கள் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, "எல்லாம் மாட்டிக்க வசதியா நானே போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த அறையில் மேலும் மூன்று வருடம் இருந்தேன்.