அப்பா புறப்பட வைத்த மாடிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுவேன், என் தப்பு உட்பட எதையும் மறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். எழுத வேண்டியவள் அம்மாதான். ஆனால் பள்ளிச் சீருடை முப்பத்திரண்டு பாக்கி இருப்பதால் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே சொல்கிறாள், நான் எழுதுகிறேன். “நான் எழுதினா பாதியை முழுங்கிடுவேன், நீயே எல்லாத்தையும் எழுது, கடைசியில கையெழுத்து மட்டும் போடறேன்” என்றாள். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குக் கப்பலில் தலைசுற்றல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஈரக்கையோடு ஸ்விட்ச் எதையும் தொடாமல் இருக்கிறாயா என்று அம்மா ஒரே மூச்சில் கேட்டாள். நீ கப்பலின் மின்சாரத்தையே பார்த்துக்கொள்ளும் அதிகாரி என்பதை நான் நினைவூட்டினேன். “அதனாலதான் கேக்கறேன்” என்றாள்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசைக்காக எழுதுகிறேன். அப்பாவைப் பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. இருபத்தாறு வருடம் அவர் அறிவித்து வண்டிகள் புறப்பட்ட இடத்தில் இப்போது ஒரு இயந்திரம் பேசுகிறது. வீட்டிலும் அப்பாவின் பேச்சு குறைந்துபோனது. ஜன்னலோரம் நின்று, தெருவில் பஸ் போனால் அதன் எண்ணை மட்டும் வாய்க்குள் சொல்வார். அந்த நேரத்தில்தான் லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்று, தன் லிஃப்டுகளுக்குள் பேச ஒரு குரல் வேண்டும் என்று கேட்டிருந்தது. அறுபது வாக்கியங்களை வீட்டிலேயே பதிவு செய்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இது கிடைக்காவிட்டால் இனி எந்த வேலைக்கும் கேட்கப் போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். சத்தமாகச் சொல்லியிருந்தால் அம்மா சண்டை போட்டிருப்பாள். மெதுவாகச் சொன்னதால் பயந்துவிட்டாள். அதனால்தான் உனக்கு அத்தனை அவசரமாகச் செய்தி அனுப்பினோம்.

நீ துறைமுகத்திலிருந்து அனுப்பிய பார்சல் போன வாரம் திங்கட்கிழமை வந்தது. மைக், ஹெட்போன், நீளக் கேபிள், மைக்கில் பேசுவதைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் அந்தச் சிவப்பு இன்டர்ஃபேஸ் பெட்டி, நீ கைப்பட எழுதிய இரண்டு தாள் குறிப்பு எல்லாம் பத்திரமாக இருந்தன. குறிப்பை நான் மூன்று முறை படித்து, நோட்டில் எண் போட்டுப் பிரதி எடுத்தேன். மைக்கைச் சுற்றித் துணிகள் இருந்தால் எதிரொலி வராது என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததும் அப்பா மர அலமாரியின் கதவைத் திறந்து, கீழ்த்தட்டுகளைக் கழற்றி, ஒரு முக்காலியைப் போட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேல் அம்மாவின் புடவைகளும் உன் பழைய கோட்டும் தொங்கின. மைக் நிற்க இடமில்லாததால் அதையும் ஒரு ஹேங்கரில் கட்டி, கோட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். மூச்சுக் காற்று மைக்கில் மோதாமல் இருக்க எம்பிராய்டரி வளையத்தில் அம்மா ஒரு நைலான் துணியை இழுத்து மாட்டினாள். அதன் பின்னால் அப்பாவின் முகம் சல்லடை வழியாகப் பார்ப்பது போல மங்கலாகத் தெரிந்தது.

பிறகு நாற்பத்தெட்டு வோல்ட் பிரச்சினை வந்தது. பெட்டியில் ‘48V’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் இந்த மைக்குக்கு உயிர் வரும் என்று நீ எழுதியிருந்தாய். உதட்டுக்கு நான்கு விரல் தூரத்தில் நாற்பத்தெட்டு வோல்ட்டா என்று அம்மா தடுத்துவிட்டாள். கீழ்க்கடைச் சாவிக்காரரை ஆலோசனைக்குக் கூப்பிட்டோம். அவர் வந்து பெட்டியைத் தொடாமலே நன்றாகப் பார்த்துவிட்டு, “அண்ணே, எதுக்கும் ரப்பர் செருப்பு போட்டுக்குங்க. பேசறப்போ மைக்கை நக்கிடாதீங்க” என்றார். அப்பா ரப்பர் செருப்பு போட்டு, சாவிக்காரரின் கையுறைகளையும் மாட்டிக்கொண்டார். அலமாரிக்குள் அந்தக் கோலத்தில் பார்த்தபோது, யாரோ அவரை மழைக்கோட்டு போல அடுத்த மழைக்காலத்துக்கு எடுத்து வைத்திருப்பது போல் இருந்தது.

மென்பொருளை நான்தான் நிறுவினேன். ஒலி எங்கிருந்து உள்ளே வரவேண்டும் என்று அது கேட்டது. பட்டியலில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று ‘மைக்ரோபோன்’ என்று தெளிவாக இருந்தது. இன்னொன்று எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று. பார்க்கப் பிழைச் செய்தி போல் இருந்ததால் அதைத் தொடாமல் ‘மைக்ரோபோன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் அலை அசைந்தால் பதிவாகிறது என்று பொருள் என நீ எழுதியிருந்தாய். அலை அசைந்தது. நான் நோட்டில் சரி என்று குறித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரின் விசிறி இரைச்சல் அலமாரிக்குள் கேட்கக்கூடாது என்பதற்காக அதையும் சிவப்புப் பெட்டியையும் அடுத்த அறையில் அம்மாவின் தையல் மேசையில் வைத்து, மைக் கேபிளையும் ஹெட்போன் கேபிளையும் கதவிடுக்கு வழியாக அப்பாவிடம் அனுப்பினோம். மிஷின் ஓட்டக்கூடாது என்பதால் அம்மா மேசையருகே உட்கார்ந்து கையால் பொத்தான் தைத்தாள். சாவி வெட்டும் மிஷினை நிறுத்தவும் ஓட்டவும் நான் ஜன்னலிலிருந்து துண்டை அசைத்துச் சாவிக்காரருக்குச் சைகை காட்டினேன். இப்படி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு தொடங்கியது.

அக்கா, அப்பாவின் குரல் ஐந்து மாதத்துக்குப் பிறகு முழுசாக வந்தது. ஆனால் அவருக்கு அந்தக் குரலில் ஒன்றே ஒன்றுதான் தெரியும், வண்டி புறப்படப் போகிறது, ஓடி வாருங்கள் என்பது. “மூன்றாம் தளம்” என்று அவர் சொன்னபோது மூன்றாம் தளம் இன்னும் அரை நிமிடத்தில் கிளம்பிவிடும் போல் இருந்தது. நான்காம் தளம் அதற்கு முன்பே நகர ஆரம்பித்துவிட்டது. ‘எடை அதிகமாக உள்ளது, ஒருவர் இறங்கவும்’ என்ற வாக்கியத்தில், பழக்க தோஷத்தில், “சிவப்புச் சட்டைக்காரர் உடனே இறங்கவும்” என்று சேர்த்துவிட்டார். போதாக்குறைக்கு ஹெட்போனில் டிக் டிக் என்று ஒரு தாளம் கேட்டதாம். அது பாட்டுப் பாடுகிறவர்களுக்காக மென்பொருள் தானாகவே போடுவது, அணைத்துவிடு என்று நீ எழுதியிருந்தது இரண்டாம் தாளின் பின்புறத்தில். நான் பின்புறத்தைத் திருப்பவில்லை. இதுவும் என் தப்புதான். நேரம் ஓடுகிறது என்று கம்பெனிக்காரர்கள் எச்சரிக்கிறார்கள் என்று நினைத்து அப்பா இன்னும் வேகம் பிடித்தார்.

இந்தப் பக்கம் அம்மாவால் தாங்க முடியவில்லை. மூடிய கதவுக்கும் அலமாரிக்கும் அப்பாலிருந்து அப்பா ஒவ்வொரு வாக்கியத்தையும் முழங்கியதும், அம்மா பொத்தானைப் பார்த்தபடியே, அதை எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். “மூன்றாம் தளம். அது எங்கயும் போகாதுங்க, அங்கேயேதான் இருக்கும்.” “கதவு மூடுகிறது. மெதுவாத்தான் மூடும், பயப்படாதீங்க.” “ஒருவர் இறங்கவும். யாராவது ஒருத்தர் இறங்கினாப் போதும், அடுத்த தடவை வரலாம்.” பதிவில் விழுந்துவிடுமே என்று நான் கேட்டதற்கு, “மைக் அங்க அலமாரியில தொங்குது, இங்க பேசினா எப்படி விழும்” என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அறுபது வாக்கியங்களும் இப்படியே முடிந்தன. அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். அப்பா வியர்வையோடு வெளியே வந்து, “என் குரலை இருபத்தாறு வருஷமா கேட்டாச்சு, அனுப்பு பாப்பா” என்றார். நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையில் அம்மா ஆசைப்பட்டாள் என்று பதிவை ஓடவிட்டோம். முதலில் வெகுதூரத்தில் கிணற்றுக்குள் யாரோ கத்துவது போல் ஒரு சத்தம். அடுத்து, காதுக்குப் பக்கத்தில் அம்மா, “தரைத்தளம். பாத்து இறங்குங்க.” அறுபதும் அப்படியே. நான் தேர்ந்தெடுத்த ‘மைக்ரோபோன்’ கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் சின்ன மைக். உன் பெட்டியின் பெயர்தான் அந்தப் பிழை போல் இருந்த வரி. அப்பாவுக்குத் தன் குரல் பெட்டியிலிருந்து நேராக ஹெட்போனில் கேட்டதால் எல்லாம் சரியாகப் பதிவாகிறது என்று நம்பியிருக்கிறார். அலைகள் எல்லாம் அம்மா பேசும்போது மட்டும் அசைந்ததை நான் பார்த்தேன் அக்கா. பார்த்தும், அப்பாவின் குரல் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனிக்குப் பேசிப் பார்த்தோம். நேரம் முடிந்துவிட்டது, வந்ததை வைத்துத்தான் பார்ப்போம் என்றார்கள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அப்பா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்ச் சாவிக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஞாயிறு முழுக்க ஜன்னல் பக்கமே வரவில்லை. ஏழு பஸ்கள் போயின, எந்த எண்ணையும் சொல்லவில்லை. நான் அவரிடம் போய் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டது நான்தான் என்று சொல்லி அழுதேன். அவர், “நான் ஒரு தடவை நடைமேடை நம்பரை மாத்திச் சொல்லிட்டேன் பாப்பா. ஒரு கல்யாணக் கூட்டமே தப்பான ஊருக்குப் போயிடுச்சு. அதுல ரெண்டு பேரு அங்கயே வேலைக்குச் சேர்ந்து வீடும் கட்டிட்டாங்க” என்றார். பிறகு, “உங்க அம்மா நல்லாத்தான் சொல்றா” என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார். எல்லோருக்கும் கேட்கும்படி அம்மா போனை மேசைமேல் வைத்தாள். வந்த நூற்றுச்சொச்சம் பதிவுகளில் இதைப்போல் ஒன்றை அவர்கள் கேட்டதில்லையாம். முதலில் ஒரு பயணி பதறுவதும், பிறகு லிஃப்ட் அவரை அமைதிப்படுத்துவதுமாக யோசித்த விதம் மிகப் புதுமையாம். மாடிகளையும் கதவுகளையும் அம்மாதான் சொல்ல வேண்டும் என்றார். அப்பா செருப்பைத் தேடினார், கீழே போவதற்கு. அதற்குள் அந்தப் பெண், “ஒண்ணு கேக்கணும், அந்தப் பின்னாடி கத்துறவர் உங்க வீட்டுலதான் இருக்காரா” என்றார். “இருபத்தெட்டு வருஷமா இங்கதான் இருக்காரு” என்றாள் அம்மா. அவர் கிடைப்பாரா என்று கேட்டார் அந்தப் பெண். தீ, புகை, மின்தடை ஆகியவற்றுக்குப் பதினொரு அவசர வாக்கியங்கள் இருக்கின்றனவாம். இதுவரை பலரைச் சொல்ல வைத்துப் பார்த்தும் அவர்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். ஆனால் அப்பா அவ்வளவு தூரத்திலிருந்து “மூன்றாம் தளம்” என்று சொன்னதைக் கேட்டதும் கணக்குப் பிரிவில் இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்களாம்.

அப்பா ஒரு செருப்போடு நின்றார். அம்மா உடனே, அவர் சொல்வதானால்தான் நானும் சொல்வேன், இல்லாவிட்டால் எனக்கு முப்பத்திரண்டு சீருடை கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள். போனை வைத்ததும் அப்பா, “உனக்கு நிதானம் ஜாஸ்தி, நீ நாலாவது மாடின்னு சொல்றதுக்குள்ள லிஃப்ட் அஞ்சுக்குப் போயிடும்” என்றார். “நீங்க சொன்னா மாடியே போயிடும்” என்றாள் அம்மா. இந்த வீட்டில் இப்படிப் பேச்சுக்குப் பேச்சு நடந்து ஐந்து மாதம் ஆகிறது என்பதால் இரண்டையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

இன்று புதன். அவசர வாக்கியங்களை நாளைக்குள் அனுப்ப வேண்டும். இந்த முறை பட்டியலில் உன் பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, மைக்கை விரலால் தட்டி, அலை தட்டலுக்குத்தான் அசைகிறதா என்று பார்த்தேன். குறிப்பின் பின்புறத்தையும் படித்துத் தாளத்தை அணைத்தேன். முதல் ஒத்திகையில் அப்பா, “தீ. லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள். படிக்கட்டு வழியாக வெளியேறவும்” என்று சொன்னதும், என் துண்டுச் சைகைக்காகக் காத்திருந்த சாவிக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடிவிட்டார். அப்பா அலமாரியிலிருந்து இறங்கி ஜன்னலுக்கு வந்து, “ஒத்திகைதான், பயப்பட வேண்டாம்” என்று கூப்பிட்டார். அதையும் அதே குரலில் சொன்னதால் சாவிக்காரர் இன்னும் இரண்டு கடை தள்ளிப் போய் நின்றார். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார். அம்மா தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினாள்.

காற்றில் நிற்கும்போது காதை மூடிக்கொள், சம்பளம் வந்ததும் நல்ல ஷூ வாங்கு, எங்களுக்கு ஒன்றும் அனுப்பாதே, உன் கோட்டை அலமாரியிலிருந்து எடுக்க மாட்டோம், அது அங்கே இருந்தால் ஒலி நன்றாக இருக்கிறது என்று அம்மா எழுதச் சொன்னாள். எந்தக் கடலில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல், போன வழியே பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறார்கள். மறக்காமல் பதில் எழுது, இரண்டு வரியானாலும் போதும்.

உண்மையான அவசரத்தில் லிஃப்டுக்குள் வெளிச்சம் இருக்காது, இருட்டில் சொன்னால்தான் அந்தப் பதினொன்றையும் மனசாரச் சொல்ல முடியும் என்கிறார் அப்பா. ஜன்னல்களைப் போர்வையால் மூடியாகிவிட்டது. அம்மா ஸ்விட்ச் பக்கத்தில் நிற்கிறாள், கையெழுத்தை அவசரமாகப் போட்டுவிட்டுப் போனதால் கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா, அலமாரிக்குள்ளிருந்து உன் அப்பா,
எழுதியவள் உன் தங்கை.

மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். விளக்குகள் அணைக்கப்பட்டன.