மேல்வாயா, முன்வாயா

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வேலையால் வந்ததும் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கெல்லருக்கு. நிலவறை என்று யாரும் சொல்வதில்லை, தமிழில் கதைக்கும்போதும் கெல்லர்தான். மெசின் தண்ணீர் எடுத்தது, சுற்றியது. கடைசிப் பிழிச்சலில் விமானம் கிளம்புகிற சத்தம். பிறகு நின்றுவிட்டது. கதவு திறக்க மறுத்தது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் என் வேலை உடுப்பு முழுக்கத் தண்ணீரில். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு என்ன செய்ய.

மூன்றாம் மாடி அம்மா, ஃபிராவ் ஹெல்ட், கொடியில் படுக்கை விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தார். "உடைந்துவிட்டதா?" என்று கேட்டார். அடுத்தது வழக்கமான கேள்வி: "மனைவி எப்போது வருகிறார்?" வழக்கமான பதில்: "அடுத்த மாதம்."

போன வருடக் கோடையிலிருந்து இதே பதில்தான். அவரும் ஒவ்வொரு முறையும் "நல்லது" என்கிறார்.

வதனி லண்டனுக்குப் போனது மகள் துஷாவின் பிள்ளைப்பேற்றுக்காக. மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பேரன் இப்போது நடக்கிறான், கதைக்கிறான், போனில் என்னைப் பார்த்து 'தாத்தா வேண்டாம்' என்றும் சொல்கிறான்.

இரவுச் சாப்பாடு: பாண், முட்டை. நேற்றும் அதுதான்.

ஒக்டோபர் 15, புதன்

மெசின் திருத்துகிறவர் வர டெர்மின் இன்றைக்கே கிடைத்தது, அதிசயம். திருத்த வந்தவர் இளம் ஆள். கதவைத் திறந்து உருளையைக் கையால் சுற்றினார். கரகர. உருளையைத் தாங்குகிற பெயரிங் போய்விட்டதாம். அதை மாற்ற மெசின் முழுவதையும் பிரிக்க வேண்டும், பேசாமல் புதிது வாங்குங்கள் என்றார்.

கதவு ரப்பரின் மடிப்பை விரித்துக் காட்டினார். உள்ளே மா களியாகக் கிடந்தது. பாண் தொழிற்சாலையில் வேலை என்று சொன்னேன். அப்படியானால் உடுப்பை உதறிவிட்டு அல்லவா போட வேண்டும் என்றார். வதனி பல்கனியில் நின்று உதறுவாள். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சும்மா காற்றுக்கு நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

மடிப்புக்குள்ளிருந்து வந்தவை:
சட்டைத் தெறி, வெள்ளை.
ஐந்து சதக் காசு.
கொண்டை ஊசி. நிச்சயமாக என்னுடையதல்ல.

ஊசியைக் கழுவிக் குளியலறைத் தட்டில் வைத்தேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

குளியல் தொட்டியில் கையால் தோய்த்தேன். சாரம், பெனியன் எல்லாம் சுகம். ஜீன்ஸ் தண்ணீர் குடித்தால் பிணப் பாரம். பிழிய இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு முனை. ஒரு முனையைக் குழாயில் சுற்றி மற்றதை நான் முறுக்கினேன். குழாய் ஆடுகிறது இப்போது.

சிவம் அண்ணை போன் எடுத்தார். ஜேர்மனிக்கு என்னோடு ஒரே விமானத்தில் வந்து ஷோனெஃபெல்டில் இறங்கினவர். அன்று எந்த வரிசையில் நிற்பது என்று சொல்லத் தொடங்கியவர், இன்னும் நிறுத்தவில்லை.

"மேல திறக்கிறதை எடு யோகன். ஒடுக்கமான சாமான், பாத்ரூமுக்குள்ளயே வைக்கலாம். கெல்லருக்கு ஏறி இறங்கத் தேவையில்லை. ஒராளுக்கு அது காணும்."

"ஒராள் இல்லை அண்ணை."

"ஓம் ஓம்," என்றார். "எண்டாலும் அதுதான் நல்லது. வதனிக்கு முழங்கால் ஏலாதெல்லே. குனியாமல் போடலாம், எடுக்கலாம்."

இது என் மண்டையில் ஏன் ஏறவில்லை? கெல்லரில் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிவாள். எழும்பும்போது 'முருகா' என்பாள். ஃபிராவ் ஹெல்ட் கூட அந்தச் சொல்லைப் பழகிவிட்டார், தான் குனியும்போதும் சொல்வார்.

அண்ணைக்கு நன்றி சொன்னேன். சொல்ல ஆசையில்லை, சொன்னேன்.

ஒக்டோபர் 18, சனி

கடைக்குப் போனேன். மழை இல்லை, குளிர் காற்று.

மேலே திறக்கிறதென்றால் யாழ்ப்பாணத்தில் தங்கச்சி வீட்டில் உள்ளதுபோல் ஒரு பெரிய அண்டா, உள்ளே போட்டுக் கிண்டுவது என்றுதான் நினைத்தேன். இங்கே அப்படி இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே உருளை படுத்துக் கிடக்கிறது. அதற்கு ஒரு குட்டிக் கதவு. அதைச் சரியாகப் பூட்டாமல் ஓடவிட்டால் உடுப்பும் போச்சு மெசினும் போச்சு. விற்பனைக்காரப் பெடியன் மூன்று தரம் திறந்து பூட்டிக் காட்டினான்.

வந்து எழுதியது. மே.வா. மேல்வாய், மு.வா. முன்வாய்:

மே.வா. குனிய வேண்டாம். (இது ஒன்றே போதும்.)
மே.வா. ஒடுக்கம். தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் போகும், அளக்க வேண்டும்.
மே.வா. உருளைக்கு இரு பக்கமும் தாங்கல். பெயரிங் கனகாலம் நிற்குமாம்.
மே.வா. மூடிமேல் ஒன்றும் வைக்க முடியாது. வதனி துவாய் மடித்து எங்கே வைப்பாள்?
மு.வா. நிறையப் பிடிக்கும். போர்வை, திரைச்சீலை.
மு.வா. அதே பணத்துக்கு நல்லதாக எடுக்கலாம், வகையும் கூட.
மு.வா. ரப்பரில் ஊத்தை. கதவைத் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணம்.
மு.வா. பாத்ரூமுக்குள் நுழையாது. கெல்லர்தான்.

பெடியன் கேட்டான், வீட்டில் எத்தனை பேர்? "இரண்டு பேர்," என்றேன். பொய் இல்லை. கதவு மணிப் பெயர்த் தகட்டில் இரண்டு பேரும்தான் இருக்கிறோம்.

கையெழுத்து வைக்கவில்லை. அவளிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். மனைவியிடம் கேட்பது நல்லது என்று அவனும் சிரித்தான்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

வெயில். கட்டிடமே சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை மெசின் ஓட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. ஆள் இருக்கிற வீட்டுக்கு அது ஓய்வு.

குளியலறையை அளந்தேன். தொட்டியோரத் தட்டைக் கழற்றினால் மே.வா. போகும், மூடியும் முட்டாமல் திறக்கும். தட்டைக் கழற்றினேன் (கையால், ஆணிச் சத்தம் இல்லாமல்). கொண்டை ஊசியை ஜன்னல் கட்டுக்கு மாற்றினேன். இடம் தயார்.

நாளை தீபாவளி. தோய்த்த சேட்டே இல்லை, புதுச் சேட்டுக்கு எங்கே போக. அலுமாரியில் தேடினேன். வதனி போக முன்னர் எனக்கு வாங்கி வைத்தது ஒன்று, ஊசி குத்தினபடியே. நீலக் கோடு.

ஒக்டோபர் 20, திங்கள்

நீலக் கோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அங்கே அதன்மேல் வெள்ளைச் சட்டை, யாருக்குத் தெரியும். இடைவேளையில் ஒருவன் மட்டும் "இன்றைக்கு என்ன, கல்யாணமா?" என்றான்.

துஷா படம் அனுப்பினாள். வதனி மயில்கழுத்துப் பச்சைச் சீலை, மடியில் பேரன். முகம் தெளிவாக இருக்கிறது. உடம்பும் கொஞ்சம் வைத்திருக்கிறது. சந்தோசப்பட வேண்டும். பட்டேன். பிறகு ஒரு மாதிரி.

போன் எடுத்தேன். பின்னால் நிறையச் சனம், சிரிப்பு. "பிள்ளை அழுகுது, பிறகு எடுக்கிறன் என்ன," என்றாள். மெசின் விசயம் சொல்ல இடமில்லை.

தனியாகத்தான் இருக்கிறேன். இதை இங்கே எழுதினால் யாருக்கும் நட்டமில்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

வதனி எடுக்கவில்லை. தொட்டியில் இரண்டு துவாய் ஊறுகிறது.

ஒக்டோபர் 22, புதன்

பின்னேரம் எடுத்தாள். வீட்டில் அவள் மட்டும், பிள்ளை நித்திரை. எல்லாம் சொன்னேன். மெசின் செத்தது, மா களி, ஆடும் குழாய். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கனநாள். அதில் தைரியம் வந்து மே.வா. கதையை எடுத்தேன்.

"பாத்ரூமை அளந்து வைச்சிருக்கிறன். உமக்கினிக் குனியத் தேவையில்லை. படி இறங்கத் தேவையில்லை. நிண்டபடியே போடலாம்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"உங்களுக்கு எது வசதியோ அதை எடுங்கோ," என்றாள்.

"உமக்கு எது வசதியெண்டு கேட்டனான்."

"எனக்கு இஞ்ச துஷாவின்ர மெசின் இருக்குத்தானே."

கோபமாகச் சொல்லவில்லை. பால் இருக்குத்தானே, அரிசி இருக்குத்தானே என்பதுபோல. சொன்ன பிறகு அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். "இஞ்ச பழகிப்போச்சப்பா," என்றாள் மெல்ல. "கோயில் கிட்ட. கதைக்கச் சனம் இருக்கு. அங்க நீங்கள் வேலைக்குப் போனா நான் சுவரைத்தானே பாத்துக்கொண்டிருந்தனான்."

அது உண்மை. முன்பெல்லாம் 'நீங்களும் வாங்கோவன்' என்பாள். பென்சனுக்கு வருடம் கிடக்கிறது, மகள் வீட்டுச் சோபாவில் எவ்வளவு நாள் படுப்பது என்று நான் கத்துவேன். இன்றைக்கு அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருக்க மாட்டேன்.

"உடுப்பை உதறிப்போட்டுப் போடுங்கோ," என்றாள் கடைசியாக. சரி என்றேன்.

ஒக்டோபர் 23, வியாழன்

மழை. வேலை. தட்டைத் திரும்பப் பூட்டினேன். ஒரு ஆணி காணவில்லை, சரிவாக நிற்கிறது. சிவம் அண்ணையின் போனை எடுக்கவில்லை.

ஒக்டோபர் 25, சனி

கடை. அதே பெடியன், என்னை அடையாளம் கண்டுவிட்டான். மனைவி என்ன சொன்னார்? என்னிடம் விட்டுவிட்டார் என்றேன். நல்ல மனைவி என்றான்.

பத்திரம் நிரப்பும்போது மறுபடியும் கேட்டான், எத்தனை பேர்? "ஒருவர்."

நேரே ஒடுக்கமானவை நிற்கிற பக்கம் நடக்கத் தொடங்கினான். தனி ஆள் எல்லாரும் மே.வா.தான் எடுப்பார்களாம். நான் மு.வா.வுக்கு முன்னாலேயே நின்றேன். இது குடும்பத்துக்கு உரியது, உங்களுக்குப் பெரிது, பாதிதான் நிரம்பும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினான். தங்கமான பெடியன். அவனுக்கு எப்படிச் சொல்வது? குளியலறையில் வைக்க இருந்தது இரண்டு பேருக்கான மெசின். ஒரு ஆள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தோய்த்தால் வீட்டைவிட்டு வெளியே வர ஒரு காரணமும் இல்லை. கெல்லரில் என்றால் யாராவது 'ஹலோ' என்பார்கள். வேலையில் பெல்ட் ஓடுகிற இரைச்சல். வீட்டில் குளிர்பெட்டி இரைச்சல். நாள் முழுக்க என் பெயரை ஒருவர் சொல்வதில்லை.

"எனக்குக் குனிய ஏலும்," என்றேன். ஜேர்மனில் அது இன்னும் விசராக இருந்தது. எழுதிக்கொண்டான்.

ஒக்டோபர் 29, புதன்

குளிர் தொடங்கிவிட்டது. இரண்டு பேர் வந்து மெசினைக் கெல்லரில் இறக்கிப் பூட்டி, பழையதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக.

பல்கனியில் நின்று உடுப்பை உதறினேன். மா புகையாய்ப் பறந்து பக்கத்து வீட்டு ஜெரேனியத்தில் இறங்கியது. வதனி காற்றுப் பார்த்து உதறுவாள் போல.

கீழே போய்ப் போட்டேன். பெடியன் சொன்னது சரி, பாதிதான். சுற்றத் தொடங்கியது, சத்தமே இல்லை. அரைவாசியில் ஃபிராவ் ஹெல்ட் கூடையோடு வந்தார். மெசினை அழகு என்றார், கதவைத் தட்டிப் பார்த்தார். குனிந்து தன் மெசினிலிருந்து விரிப்புகளை எடுத்தார், எழும்பும்போது "முருகா" என்றார். கொடி முழுவதையும் பிடித்து அவற்றைப் போட்டுவிட்டு வழக்கம்போலக் கேட்டார், மனைவி எப்போது வருகிறார்?

"வரமாட்டார்," என்றேன்.

இன்றைக்கு அவர் 'நல்லது' என்று சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கொடியில் போட்ட விரிப்புகளைத் திரும்ப எடுத்து, நெருக்கி நெருக்கிப் போட்டு, பாதிக் கொடியை எனக்கு விட்டார். எனக்கு அவ்வளவு இடம் தேவைப்படவில்லை.