தடைப் பட்டியலின் முதுகு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். ஆறு நாளைக்கு முன்னால், அம்மாவுக்கு முடியவில்லை, உடனே புறப்பட்டு வா என்று உனக்கு ஒரு கடிதம் போட்டேன். அதைக் கிழித்துப் போடு. அம்மா நன்றாக இருக்கிறாள். இன்று காலைகூடக் காபியில் சர்க்கரை போதவில்லை என்று என்னிடம் சண்டை பிடித்தாள். டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. நீ வரக்கூடாது.

நடந்ததைச் சொல்கிறேன். காவலில் செத்தவர்களைப் பற்றிய உன் நாவலைத் தடை செய்து, நம் அச்சகத்திலிருந்த ஆயிரத்து இருநூறு பிரதிகளையும் தெருவில் போட்டுக் கொளுத்தியதோடு சனியன் விட்டது என்றுதான் நானும் உன் மச்சானும் இருந்தோம். நீயும் எல்லை தாண்டிவிட்டாய். ஆனால் அவர் குணம் உனக்குத் தெரியுமே, ஒரு தாளைத் தூக்கிப் போட மனசு வராது. மை இழுகிக் கெட்டுப்போன தாள்களைப் பட்டை பட்டையாக வெட்டி, கெட்டி அட்டைப் புத்தகங்களின் முதுகுக்குள் ஒட்டுவார். வெளியே தெரியாது, முதுகும் விறைப்பாக நிற்கும். பைண்டிங் வேலையில் வழக்கமாகச் செய்வதுதான். உன் நாவலின் கெட்ட தாள்கள் ஒரு கட்டு, அப்படி வெட்டிய பட்டைகளாகப் பசைச் சட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. சோதனைக்கு வந்தவர்களும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் தணிக்கை அலுவலகத்திலிருந்தே ஒரு வேலை வந்தது. தடை செய்த புத்தகங்களின் பட்டியலைக் கெட்டி அட்டை போட்டு நானூறு பிரதி கட்டித் தர வேண்டும், காவல் நிலையங்களுக்கும் நூலகங்களுக்கும் அனுப்ப. முடியாது என்று சொல்ல நமக்கு ஏது தைரியம்? கைக்கு வந்த பட்டைகளை எடுத்து ஒட்டிவிட்டார் மனுஷன். ஏதோ ஒரு நூலகத்தில் பட்டியல் கீழே விழுந்து முதுகு பிளந்தது. உள்ளே உன் வரிகள். நானூறையும் வரவழைத்து அறுத்துப் பார்த்தார்களாம், நானூறிலும் நீ. கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது தம்பி. அந்தச் சிரிப்புக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் போலீஸ் அதிகாரி ஒருவனோடு சேர்த்து ஆறு பேர் வந்தார்கள். நம்மிடம் தாள் தைக்கிற அம்மாவைத்தான் முதலில் பிடித்தார்கள். யார் சொல்லி ஒட்டினீர்கள் என்று கேட்டார்கள். எப்போதும் செய்வதுதான், வேண்டுமென்று செய்யவில்லை என்றாள். புத்தக முதுகு தட்டுகிற சுத்தியலாலேயே அவள் தாடையில் அடித்தார்கள். பற்கள் தாள் கட்டின் மேல் தெறித்தன. குறுக்கே போன என்னை முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். இடது கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. உன் மச்சான், அவர்களை விடுங்கள், ஒட்டியது நான் என்றார். அதிகாரி எந்தக் கையால் என்று கேட்டான். வலது கையைக் கட்டிங் மெஷினில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கத்தியை இறக்கச் சொன்னான். அவர் மாட்டேன் என்றார். அவனே இறக்கினான். நான்கு விரல்கள். கத்தி அன்று காலைதான் சாணை பிடித்து வந்திருந்தது.

அட்டைக்குப் போடுகிற துணியைக் கிழித்துக் கட்டினேன். கட்டக் கட்ட ரத்தம் ஊறியது. அப்படியே இழுத்துப் போய் வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "பசை அடுப்புல இருக்கு, அடிப்பிடிச்சிடும், எறக்கி வை" என்றார். இறக்கி வைத்தேன்.

மறுநாள் அந்த அதிகாரி வீட்டுக்கு வந்து தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தான்.

"உன் தம்பி வந்தா உன் புருஷன் வருவான்."

அவ்வளவுதான் சொன்னான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அம்மாவைப் பற்றிய பொய்யும் அவன் சொல்லிக் கொடுத்ததில்லை, நானே யோசித்தது. நீ எதற்கு அடித்துப் பிடித்து ஓடி வருவாய் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? எழுதும்போது உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுதியவன் நீ, விரல் போனது அவருக்கு. அந்த ஆத்திரம் தீர்ந்துவிட்டது என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

தினமும் மருந்தும் மாற்றுத் துணியும் கொண்டுபோய் காவல் நிலையத்து வாசலில் நிற்பேன். வாங்கிக்கொள்வார்கள், பார்க்க விடமாட்டார்கள். நேற்று மருந்தை வாங்கவில்லை. ஒரு காகித உறையை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உள்ளே அவருடைய மூக்குக்கண்ணாடி. இது இல்லாமல் அவருக்குச் சுவர் எது கதவு எது என்றே தெரியாதே என்றேன். "இனிமே வேண்டாம்மா" என்றான் வாசலில் நின்ற காவலன், என் முகத்தைப் பார்க்காமல். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

சாயங்காலமே அதிகாரி ஆள் அனுப்பினான். உன் தம்பி என்றைக்கு வருகிறான், வந்த அன்றே புருஷனை அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லியனுப்பினான். பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தாள் தைக்கிற அந்த அம்மாவின் தம்பி லாரி ஓட்டுகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுக்கிறேன். படித்ததும் எரித்துவிடு.

ஒருவேளை அவர் உள்ளே உயிரோடு இருந்து, நான் இப்படி எழுதியதால் வெளியே வராமல் போனால், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். அதில் நீ பங்குக்கு வராதே. அம்மாவிடம், வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீ எழுதினாலும் அப்படியே எழுது.

வேளைக்குச் சாப்பிடு. நூறு வயசு நன்றாக இரு தம்பி. உன் மச்சானின் வயசையும் சேர்த்து இரு.

உன்னை வா என்று எழுதிய அதே கையால்,
அக்கா