உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று காட்டும் தமிழ்ப் பக்கம் பற்றி

அனுப்புநர்:
திருமதி டொரதி சுவக்கின்,
சுவக்கின் கொமியூனிகேஷன்,
கலஹா சந்தி,
பேராதனை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
உறவினர் தேடல் இணையத்தள அலுவலகம்,
கொழும்பு.

விடயம்: தங்கள் இணையத்தளத்தின் தமிழ்ப் பக்கத்தில் ஒரே பெயருடைய இருவரின் விபரங்கள் கலந்து வருவதும், அதைப் பலமுறை அறிவித்தும் பதில் கிடைக்காததும்

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் பேராதனை கலஹா சந்தியில் ஒரு கொமியூனிகேஷன் கடை நடத்தி வருகிறோம். டெலிபோன், போட்டோ கொப்பி, இணையம் பார்க்க இரண்டு கணினிகள், இவ்வளவுதான் கடை. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் எங்கள் கடை வாசலில்தான் இறங்குவார்கள். கடந்த மே மாதம் யுத்தம் முடிந்ததிலிருந்து அவர்களில் பலர் ஒரே காரியத்துக்காக உள்ளே வருகிறார்கள். வன்னியில் இருந்த தங்கள் பிள்ளைகளும் சகோதரர்களும் வவுனியா முகாம்களில் இருக்கிறார்களா என்று தங்கள் இணையத்தளத்தில் தேடித் தரச் சொல்கிறார்கள். அந்தத் தளம் மூன்று மொழிகளிலும் திறக்கப்பட்டபோது மிகவும் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதை முதலில் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன்.

2. தோட்டத்து மக்களுக்கு வன்னியில் என்ன வேலை என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். அதனால் இதையும் எழுதுகிறேன். கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் திரு. பழனியாண்டி. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் தீ வைக்கப்பட்ட பிறகு, அவருடைய அக்கா குடும்பம் இனி இங்கே இருக்க முடியாது என்று கிளிநொச்சிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியது. இங்கே பயம் என்றுதான் அங்கே போனார்கள். யுத்த நிறுத்தக் காலத்தில் வன்னிப் பாதை திறந்தபோது, பழனியாண்டி தன் ஒரே மகள் சந்திரிகாவை அந்த அக்காவின் மகன் ராஜலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்தார். பின்னர் பாதை மூடப்பட்டது. அதோடு மகளின் செய்தியும் நின்றுபோனது.

3. ஜூன் மாதத்தில் ஒரு நாள் பழனியாண்டியும் அவருடைய மனைவி செல்லாயியும் கடைக்கு வந்தார்கள். அவர் கதிரையில் உட்கார்ந்தார். செல்லாயி உட்கார மறுத்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் தமிழ்ப் பக்கத்தில் பெயரை அடித்தேன். "பேரு இருக்கா மிஸ்?" என்று செல்லாயி கேட்டார். பெயர் இருந்தது. வயது இருபத்தெட்டு, பிறந்த இடம் கலஹா, கணவர் பெயர் ராஜலிங்கம். இருக்கிறது என்று நான் சொன்னதும் அவர் என் தலையில் கை வைத்து, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றார். பக்கத்தின் மீதிப் பகுதி மெதுவாகத்தான் திறந்தது. கடைசி வரியில் "நிலை: இறந்தவர்" என்று இருந்தது. அந்தக் கை அப்போதும் என் தலையில்தான் இருந்தது, ஐயா.

4. அரசாங்கத்தின் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்பதால் அதை எவரும் சந்தேகிக்கவில்லை. உடல் இல்லாமலே அந்த லயத்தில் கருமாதி நடந்தது. கல்யாணக் கூறைச் சேலை ஒன்றை வைத்துக் கும்பிட்டார்கள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

5. ஜூலை மாத நடுவில், தமிழ்ப் பக்கம் எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. சிங்களப் பக்கத்தில் அறிவித்தல்கள் மட்டுமே உண்டு, பெயர் தேடும் வசதி இல்லை. அதனால் வேறொருவருக்காக ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தேன். வேலை முடிந்த பின், ஏனென்று தெரியாமல் சந்திரிகாவின் பெயரையும் அடித்துப் பார்த்தேன். அங்கே அதே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் முல்லைத்தீவில் பிறந்தவர், வயது ஐம்பதுக்கு மேல், இறந்தவர். மற்றவர் கலஹாவில் பிறந்தவர், வயது இருபத்தெட்டு, ஒரு குழந்தையுடன் முகாமில் இருப்பவர். தமிழ்ப் பக்கம் இந்த இருவரையும் ஒருவராக்கியிருந்தது. ஒருவருடைய ஊரும் வயதும், மற்றவருடைய மரணமும்.

தமிழ்ப் பக்கம் மறுநாள் சரியானதும் வேறு பெயர்களையும் போட்டுப் பார்த்தேன். ஒரே பெயரில் இருவர் இருக்கும் இடங்களில் தமிழ்ப் பக்கத்தில் இந்தக் கலப்பு மறுபடியும் மறுபடியும் வருகிறது. நான் கணினி படித்தவள் அல்ல. முன்பு ஒரு அச்சகத்தில் தமிழ்த் தட்டெழுத்து வேலை செய்தவள், அவ்வளவுதான். ஆனால் இதைக் காண்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் இருந்தால் போதும்.

6. பழனியாண்டியை மட்டும் அழைத்து விடயத்தைச் சொன்னேன். அவர் கதிரையைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "புள்ளையா? எம்மகளுக்குப் புள்ள இருக்கா?" என்று கேட்டார். எந்தப் பக்கம் சரி என்று எனக்கும் அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மிஸ், அவ அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம். கருமாதி பண்ணிட்டு இப்பதான் ஒருமாதிரி எந்திரிச்சு நடக்கிறா. இதுவும் பொய்யின்னு ஆயிட்டா தாங்க மாட்டா. ஆபீஸ்ல இருந்து ஒரு வார்த்த வரட்டும். வந்ததும் நானே சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஐயா, நாங்கள் காத்திருந்தோம்.

7. அந்த வார்த்தையைப் பெறுவதற்கு நான் செய்தவை பின்வருமாறு. தமிழ்ப் பக்கத்தின் அடியில் "பிழையை அறிவிக்க" என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வெள்ளைப் பக்கம் ஒன்று திறக்கும், வேறெதுவும் வராது. ஆகவே பிழையை அறிவிக்கும் பொத்தானிலும் பிழை இருக்கிறது என்று ஆங்கிலப் பக்கத்தின் வழியாக அறிவித்தேன். தங்கள் கருத்து எமக்குப் பெறுமதியானது என்று அடுத்த நிமிடமே ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒருவர் வாசித்துவிட்டார் என்றே நம்பினேன். சில நாட்களின் பின் மீண்டும் எழுதினேன், அதே வாசகம் வந்தது. தமிழில் எழுதினேன். பின்னர் என் கணவர் சிங்களத்திலும் எழுதினார். அதற்கும் அதே பதில்தான், அதே ஆங்கிலத்தில். மொழி காரணம் அல்ல, எந்த மொழியிலும் எவரும் வாசிப்பதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது எனக்குச் சற்று ஆறுதலாகவும் இருந்தது.

8. தொலைபேசியில் அழைத்தபோது பேசிய பெண்பிள்ளை மரியாதையாகவே பேசினார். தளத்தைச் செய்தது வேறு கம்பனி, அவர்களிடம் கேளுங்கள் என்றார். கம்பனியில் கேட்டால், விபரங்களை ஏற்றுவது அலுவலகம், நாங்கள் கை வைக்க முடியாது என்றார்கள். திரும்ப அலுவலகத்துக்கு எடுத்தால், மொழிபெயர்ப்புப் பிரிவில் சொல்லுங்கள், அதற்கு இன்னும் ஆள் நியமிக்கவில்லை என்றார்கள். கண்டியில் உள்ள தங்கள் கிளைக்கும் நேரில் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் தமிழ் பேசுகிறவர். என்னை உட்காரச் சொல்லி, நான் அச்சிட்டுக் கொண்டுபோன தமிழ், ஆங்கிலப் பக்கங்களின் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நீங்க சொல்றது சரிதான் மிஸ். ஆனா நாங்களும் இதே வெப்சைட்டத்தான் பாக்குறோம். எங்களுக்கு வேற ஒண்ணும் தர்றதில்ல" என்றார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருடைய பெயரை எழுதாமல் விடுவதும் அதனால்தான்.

9. ஆகஸ்டில் கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிந்த வாரத்தில் செல்லாயி காலமானார். கருமாதிக்குப் பிறகு அவர் பிரஷருக்குக் குடிக்க வேண்டிய குளிசைகளை நிறுத்திவிட்டார் என்பது பின்னர்தான் தெரியவந்தது. தங்கள் தளத்தால்தான் அவர் இறந்தார் என்று நான் எழுதவில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மகள் செத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டு போனார் என்பதை மட்டுமே எழுதுகிறேன்.

10. அடுத்த வாரம் என் கடைக்கு ஒரு அழைப்பு வந்தது. "நான் கலஹா பழனியாண்டி மக சந்திரிகா பேசுறேன். வவுனியா முகாம்ல இருந்து. எங்கப்பாவுக்கு ஒரு தகவல் சொல்ல முடியுமா?" என்று ஒரு பெண் கேட்டார். கல்யாணமாகிப் போன புதிதில் எங்கள் கடை நம்பருக்குத்தான் அவர் பேசுவார். அந்த நம்பரை இத்தனை காலமும் மனதில் வைத்திருந்திருக்கிறார். முகாமில் இப்போதுதான் டெலிபோன் பேச விட்டார்களாம். மறுநாள் எடுக்கச் சொல்லிவிட்டு, கலஹா பஸ் கொண்டக்டரிடம் செய்தி கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் பழனியாண்டி மழித்த தலையோடு வந்து டெலிபோன் அருகில் உட்கார்ந்தார். சத்தம் சரியாகக் கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டேன். கணவர் ராஜலிங்கம் ஷெல் பட்டு இறந்ததையும், தன் மகளுக்கு மூன்று வயதாகிவிட்டதையும் சந்திரிகா அழுதுகொண்டே சொன்னார். பிறகு, "அம்மாவக் குடுங்கப்பா" என்றார். பழனியாண்டி என்னைப் பார்த்தார். பின் டெலிபோனைப் பார்த்து, "அம்மாவுக்கு பஸ் ஏற முடியல தாயி. காலு வீங்கிக் கெடக்கு. நீ புள்ளயத் தூக்கிக்கிட்டு சீக்கிரம் வந்து சேரு" என்றார். நான் கடைக்கு வெளியே போய்விட்டேன். இதை எழுதும் இன்று வரை சந்திரிகாவுக்குத் தன் தாயார் இறந்தது தெரியாது. நேரில்தான் சொல்ல வேண்டும் என்று தகப்பனார் இருக்கிறார்.

11. ஆனால் சந்திரிகா வந்து சேரத் தங்கள் தளம் விடவில்லை. முகாமில் உள்ளவர்களை உறவினர் பொறுப்பேற்பதற்கு இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒக்டோபர் நடுவில் அறிவித்தார்கள். தகப்பனாரின் பெயரில் நான் விண்ணப்பித்தேன். இறந்தவராகப் பதியப்பட்டவருக்கு விண்ணப்பிக்க முடியாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ஆங்கிலப் பக்கத்தில் விண்ணப்பிக்கலாம் என்று போனால், ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து அந்தப் பக்கமே திறப்பதில்லை. இதையும் அறிவித்தேன். என் கருத்து பெறுமதியானது என்று பதில் வந்தது. முகாம் அதிகாரிகளோ, சந்திரிகா கண்முன்னே நின்றுகொண்டு கேட்டும், கணினியில் மாறினால்தான் கையெழுத்து வைக்கலாம் என்கிறார்களாம்.

12. பெயர் போட்டு இப்படி எழுதாதே, காலம் சரியில்லை என்று எனக்கு வேண்டியவர்கள் சொன்னார்கள். என் கணவரும் இரண்டு நாள் யோசித்தார். எழுபத்தேழுக் கலவரத்திலும் எண்பத்து மூன்றிலும் கண்டியில் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடியவருடைய மகன் அவர். ஆனாலும் எழுது என்றுதான் கடைசியில் சொன்னார். நான் எவர் மீதும் குற்றம் சுமத்த வரவில்லை. இவ்வளவு பெரிய வேலையை இவ்வளவு அவசரத்தில் செய்யும்போது பிழை வராமல் இருக்காது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பிழை வந்தது எனக்குப் பெரிய வருத்தம் அல்ல. இங்கே பிழை இருக்கிறது என்று இவ்வளவு காலம் சொல்லியும், சரி என்றோ இல்லை என்றோ சொல்ல அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

13. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து, திருமதி ராஜலிங்கம் சந்திரிகாவின் பதிவை உடனே திருத்தி, அவரும் குழந்தையும் கலஹாவில் உள்ள தகப்பனாரிடம் வந்து சேர வழி செய்ய வேண்டும். ஒரே பெயருடையவர்களின் தமிழ்ப் பதிவுகள் சரிபார்க்கப்படும் வரை, "இறந்தவர்" என்ற அந்த வரியைத் தமிழ்ப் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். பிழை அறிவிப்புகளை வாசிக்கத் தமிழ் தெரிந்த ஒருவரை, ஒருவரையாவது, நியமிக்க வேண்டும். அவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

14. இதை எழுதி முடிப்பதற்கு இடையில் ஒரு புதிய சங்கதி வந்திருக்கிறது. அலவத்துகொடையைச் சேர்ந்த சித்தி றலியா என்பவர் நேற்றுக் கடைக்கு வந்தார். அவருடைய கணவர் ஹனீபா லொறிச் சாரதி. பாதை மூடுவதற்கு முன் வன்னிக்குச் சாமான் ஏற்றிப் போனவர், திரும்பவில்லை. தமிழ்ப் பக்கத்தில் ஹனீபாவின் பெயர் இருக்கிறது, ஊர் சரியாக இருக்கிறது, இறந்தவர் என்றும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆங்கிலப் பக்கம் இல்லை. அது உண்மையாகவும் இருக்கலாம், வேறொரு ஹனீபாவின் மரணமாகவும் இருக்கலாம். நடந்ததையெல்லாம் நான் றலியாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் அழவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் விதவயா இத்தா இருக்கோணுமா, இல்ல அவரு வருவாருன்னு பாத்துக்கிட்டு இருக்கோணுமா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க மிஸ்" என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் தன் தம்பியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு நான் எதைச் சொல்வது என்று, ஐயா அவர்களே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) டொரதி சுவக்கின்

இடம்: பேராதனை
திகதி: 17.11.2009