இரண்டாவது இசைத்தட்டில் வயலின் கிடையாது

என் ஜூடு அண்ணனுக்கு,

உன் பாட்டு இப்போது எங்கெல்லாம் கேட்கிறது தெரியுமா? முத்தையாபுரம் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே அதை முணுமுணுக்கிறார். மாப்பிள்ளையூரணியில் ஒரு கல்யாணப் பந்தலில், மாலை மாற்றும் நேரத்தில் ஒலிபெருக்கியில் போட்டார்களாம். உப்பளத்தில் கால் வெடித்தவர்கள் முதலாளியைத் திட்டும் பாட்டை! நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா, கோபப்பட்டிருப்பாயா?

துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல்காரர் கொடுத்த வெளிநாட்டுப் பாட்டுக் கேசட்டில் ஆரம்பித்தது எல்லாம். கோயில் பாடற்குழுவில் கிட்டாரில் பழகிய மூன்றே 'கார்ட்' சுரக்கூட்டுகளோடு, "இதுக்குப் பேரு பங்க். தெரிஞ்ச மட்டும் வாசிச்சாப் போதும், பயப்படாம வாசிக்கணும்" என்றாய். நான் பள்ளி நூலகத்து ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். உளுத்துப்போய்ச் சீக்கிரம் தீப்பற்றும் கட்டை என்று போட்டிருந்தது. நீயும், டிரம் அடிக்கும் ரெக்ஸ் அண்ணனும், பேஸ் கிட்டார் வாசிக்கும் சேவியர் அண்ணனும் அந்த அர்த்தத்தைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள்!

நீங்கள் மூவரும் முதலில் போட்டது ஒரே ஒரு சின்ன இசைத்தட்டு. கடலுக்கு அந்தப் பக்கத்து ரேடியோ அதைத் திரும்பத் திரும்பப் போட, ஊரே பாடியது. பிறகுதான் சென்னை இசைத்தட்டுக் கம்பெனிக்காரர், பெரிய தட்டே போடலாம், ஆனால் வயலினும் புல்லாங்குழலும் சேர்த்துக் காதல் பாட்டாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். நீ மறுத்துவிட்டாய். உப்புக் கிடங்குக்குள் மூவரும் சேர்ந்து நின்று ஒரே மூச்சில் வாசிப்பதைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்றாய். பாட்டுகளை நாம் இருவரும் உட்கார்ந்து எழுதி முடித்தோம். பதிவு செய்வதற்குள் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கம்பெனிக்காரர் நம் வீட்டுக்கே வந்தார். பெரியப்பாவும் ரெக்ஸ் அண்ணனும் சேவியர் அண்ணனும் கூட இருந்தார்கள். தட்டின் அட்டையில் உன் பெயரைப் பெரிதாகப் போட்டு, சினிமாவில் பாடுகிற ஒருவரைப் பாட வைக்கலாமாம். கிறிஸ்துமஸுக்குள் முடியாவிட்டால் விட்டுவிடலாமாம். சேவியர் அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. அவர் சம்மதித்துவிடுவார் என்று எனக்குப் பட்டது.

"நான் பாடுதேன்" என்று சொல்லிவிட்டேன்.

பெரியப்பாவுக்கு முகம் மாறியது. ஆண்டுப் பூசை முடியும்வரை துக்க வீட்டில் பாட்டுக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா? நீ போன அன்றே நம் ரேடியோவை அம்மா துணி போட்டு மூடிவிட்டாள்.

"ஏளா, அண்ணன் குழி மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள உனக்குப் பாட்டு கேக்குதோ?" என்றார் பெரியப்பா.

மீன் ஆய்ந்த கையைக் கழுவிவிட்டு அம்மா வந்தாள். "அவன் பாடுனத நீங்க கேட்டிருக்கீங்களா அத்தான்? அதுவா பாட்டு? அவன் செத்தன்னைக்கு நான் கத்துனதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? துக்க வீட்டுல பாடத்தான் கூடாது. கத்தலாம்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். ரெக்ஸ் அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா கம்பெனிக்காரரிடமும் சொன்னாள். "எம் மவன் பேரப் போட்டு இன்னொருத்தர் குரல விக்காதீங்க சார். பாடுதவ பேரப் போடுங்க." அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, பதிவு செய்து அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தார். வேண்டாம் என்றுதான் சொல்வார் போலிருக்கிறது. அவர் படியிறங்கிய பிறகு சேவியர் அண்ணன் வாயைத் திறந்தார்: "கிடங்குச் சாவி எங்க மாமாட்டதான் இருக்கு. வாங்கிட்டு வாரேன்."

வருகிற சனிக்கிழமை பதிவு. தினமும் பழகுகிறோம். எனக்கு உன்னைப் போலக் குரல் உடைய மாட்டேன் என்கிறது. செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறதாம். "ஏளா, டீச்சருக்கா பாடுத?" என்று ரெக்ஸ் அண்ணன் கேலி செய்கிறார். நீ இருந்திருந்தால் என்னைப் பாட விட்டிருப்பாயா? இதை ஒருநாளும் உன்னிடம் நான் கேட்டதில்லை.

கம்பெனி எடுத்துக்கொண்டாலும் சரி, திருப்பி அனுப்பினாலும் சரி, நாம் எழுதிய ஒரு வரியைக்கூட மாற்ற விடமாட்டேன். தொண்டை கட்டினாலும் தொடங்கிய பாட்டை நடுவில் நிறுத்த மாட்டேன். தப்பு வந்தால் அந்தத் தப்போடேயே தட்டில் இருக்கட்டும்.

உன் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவிட்டேன், அண்ணே. கோபித்துக்கொள்ளாதே.

உன் ஒரே தங்கச்சி,
ஜெசிந்தா