தெரியாத ஆளுக்கு ஒரு வோட்டு

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்புள்ள அம்மா,

எண்ணெய் பூச முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம்.

பென்சில்வேனியா மச்சாள் சுபோதினி நேற்று போன் எடுத்தாள். அங்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளைச் சனமே வோட்டுப் போட்டுத் தெரிவு செய்கிறது. பத்து வருடம் முடிய, ஒரு நீதிபதி தொடர்ந்து இருக்கலாமா, இல்லையா என்றும் சனத்திடமே கேட்பார்களாம். இந்த முறை மூன்று நீதிபதிகளுக்கு அப்படி வோட்டு.

“மூண்டு பேரையும் எனக்குத் தெரியாது. இல்லை எண்டு போடப்போறன்,” என்றாள்.

“தெரியாட்டி அவையின்ர தீர்ப்புகளை வாசிச்சுப் பாரடி!” என்று ஏசிவிட்டேன்.

“நீதிபதிக்கு நீ ஏனடி அழுறாய்?” என்று சிரித்தாள்.

என் அகதி விசாரணை பதினாலாம் திகதி. பயப்படாதீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை உடனே அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் வெல்ல வேண்டும் என்று கோயிலில் நேர்த்தி வைக்காதீர்கள்; விசாரிப்பவர் என் கோப்பை முழுவதும் வாசிக்க வேண்டும் என்று வையுங்கள்.

மகள்
வாகினி