துப்பட்டிக்குப் பின்னால் இருந்து பார்த்த படம்

786

பரங்கிப்பேட்டை
9-10-1966

அருமை மகன் ஹபிபுல்லாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பாவும் நானும் மாமா வீட்டாரும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், உன் உடம்புக்கும் எலும்புக்கும் அந்தக் காவல் இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன், இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. நேற்று வாப்பா திருப்பாதிரிப்புலியூரில் கடை திறக்கும் முன்பே தபாலாபீசுக்குப் போய் உனக்குக் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். தந்தி என்றதும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய், மன்னித்துக்கொள். இடது பக்கம் போகாதே, தாண்டாதே, கடிதம் வருகிறது என்று மட்டும்தான் அதில் போட முடிந்தது. ஏன் என்று இதில் எழுதுகிறேன். கோலூன்றித் தாண்டும்போது நீ எழும்பும் இடத்தில் காலை இடது பக்கம் தள்ளி வை என்று ஜூன் மாதம் நான் எழுதினேனே, அது தப்பு. முழுக்க முழுக்கத் தலைகீழான தப்பு. உன் கால் முன்பே இடது பக்கம்தான் விலகி விழுந்துகொண்டிருந்தது, நான் உன்னை இன்னும் அந்தப் பக்கமே தள்ளியிருக்கிறேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஏப்ரலில் மாமா பினாங்கிலிருந்து வந்தபோது சிதம்பரத்து மைதானத்தில் நீ ஓடுகிற பாதைக்குப் பின்னால் நின்று அந்தச் சின்ன சினிமாக் காமிராவில் உன்னைப் படம் பிடித்தார் அல்லவா, அந்தச் சுருள் பம்பாய்க்குப் போய்க் கழுவி வருவதற்குள் நீ பயிற்சிக்குப் பாட்டியாலா போய்விட்டாய். ஜூனில் ஒருநாள் மஃரிபு தொழுதபிறகு மாமா நம் கூடத்தில் படம் காட்டினார். கடைத்தெரு ஆட்கள், மாமாவின் கூட்டாளிகள் என்று பதினைந்து ஆம்பிளைகள் வந்துவிட்டார்கள். திரைக்கு வேறு துணி அகப்படாமல், நான் வெளியே போகும்போது போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டியையே கூடத்தின் நடுவில் குறுக்கே கட்டினார்கள். முன்பக்கம் மெஷினோடு ஆம்பிளைகள், பின்பக்கம் சமையல்கட்டுப் பக்கமாக நாங்கள். துணி மெல்லியது, எங்களுக்கும் படம் நன்றாகவே தெரிந்தது, அதனால் யாருக்கும் குறையாகத் தோன்றவில்லை. முதலில் நீ சிரித்துக்கொண்டு வருகிறாய், கடலைப் பொட்டலத்திலிருந்து வறுத்த மல்லாட்டையை உரித்து உரித்து வாயில் போட்டுக்கொள்கிறாய். உன் மாமி சலீமா பீவி என் தோளில் இடித்து, என்னா மச்சி ஒம் புள்ளை பீச்சாங்கையால திங்கறான், காலேஜிலே இதான் சொல்லிக் குடுக்குறாங்களா என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. அப்புறம் நீ ஓடி எழும்பிய இடத்தை மூன்று தடவை போடச் சொல்லி மாமியை விட்டு அந்தப் பக்கம் சொல்லியனுப்பினேன். ஒரே இடத்தில் நிறுத்தினால் பிலிம் கருகிவிடும் என்று மாமா கையால் மெதுவாகச் சுற்றினார். நீ விட்டுப்போன அந்த இங்கிலீஷ் விளையாட்டுப் புத்தகத்தை அகராதியோடு ஒருமாதம் படித்துவைத்திருந்தேன், எழும்பும் கால், கோலைப் பிடித்த மேல்கைக்கு நேர் கீழே, பாதையின் நடுக்கோட்டின் மேல் விழவேண்டும் என்று அதில் இருந்தது. தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டையும் உன் பாதத்தையும் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. எந்தக் கால் என்றுகூடப் பார்க்கத் தோன்றவில்லை. பாதம் கோட்டுக்கு வலது பக்கம் நாலு விரல் விலகி விழுந்தது. அத்தனை ஆம்பிளைகள் பார்த்தும் ஒருவருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமை, அதை யாரிடமும் சொல்லாமல் அன்றைக்கே உனக்கு எழுதினேன்.

புதன்கிழமை உன் கடிதம் வந்தது. இரண்டு தரம் விழுந்ததும், இரண்டாம் தரம் மணல் குழியை விட்டு வெளியே கட்டாந்தரையில் விழுந்து தோள் வீங்கியதும், இருபத்திரண்டாம் தேதி தேர்வுப் போட்டியில் தாண்டாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்பதும் படித்தேன். அதைவிட அடுத்த வரிதான் என்னைக் கலக்கிவிட்டது. நீங்க சொன்ன அளவு பத்தலை போலிருக்கு உம்மா, இன்னும் நாலு விரல் தள்ளி வைச்சுப் பாக்குறேன் என்று எழுதியிருந்தாய். இன்னும் எவ்வளவு தள்ளவேண்டும் என்று நிதானமாகப் பார்த்துச் சொல்வோம் என்றுதான், மாமா அடுத்த வாரம் கப்பலேறுவதற்குள் சுருளை இன்னொரு தரம் போடச் சொன்னேன். வியாழக்கிழமை பகலில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் போட்டார். வீட்டில் அந்நிய ஆம்பிளைகள் இல்லை, அதனால் நானும் மாமியும் முதல்முறையாக மாமா பக்கத்திலேயே உட்கார்ந்தோம். நீ சிரித்துக்கொண்டு வந்தாய். மல்லாட்டையை வலது கையால் தின்றாய். மாமி, அல்லா, இன்னைக்குத் திருந்திட்டானே என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தால் இடது வலதாகும், வலது இடதாகும் என்பது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இத்தனை புத்தகம் படிக்கிற எனக்குத் தோன்றவில்லை. நீ எழும்புகிற இடம் வந்தபோது என் இடது காலைக் கையால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஐந்து தடவை போடச் சொன்னேன். ஐந்து தடவையும் பாதம் இடது பக்கம்தான்.

அப்படியும் என் கண்ணை நான் நம்பத் தயாராக இல்லை. மறுநாள் மாமாவை ரயிலேற்றிச் சிதம்பரத்துக்கு அனுப்பினேன். உனக்குக் குறுக்குக்கம்பு ஏற்றி இறக்கிக் கொடுத்த பக்கிரியை மைதானத்தில் பிடித்துக் கேட்டிருக்கிறார். தம்பி எப்பவும் எடப்பக்கம்தாங்க வுழும், அதுக்காகத்தானே நான் அந்தப் பக்கமே மணல அள்ளி அள்ளிப் போடுவேன், இதைக் கேக்கவா ரயிலேறி வந்தீங்க என்றானாம். பாட்டியாலாவில் உன் பழக்கம் தெரிந்து மணலைப் போட பக்கிரி ஏது.

அன்று மாலை வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உனக்கு இப்படியெல்லாம் எழுதிக்கொண்டிருப்பதே அவருக்குத் தெரியாது, கழிய ஊனித் தாண்டுறதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்கிற மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, லெட்டர் போய்ச்சேர அஞ்சாறு நாளாவும், காலையிலே நான் தந்தி குடுத்துர்றேன், நீ வௌரமா எழுது என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவருக்கு இருமல் விடவில்லை, மழை பிடித்ததிலிருந்து ஜாஸ்தி. கடைத்தெருவில் நல்ல அரிசி கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது. மீன்கார இருசம்மாள் கூடையை இறக்கும்போதெல்லாம், வடக்க வெறும் கோதுமதானாமே, புள்ளைக்கு ஒரு மீனு மொவம் தெரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள். அவளிடம் நீ விழுந்ததைச் சொல்லவில்லை.

இனி நீ செய்யவேண்டியது. வீக்கம் முழுதும் வடியாமல் கோலைத் தொடாதே. பெயர் போனால் போகட்டும், அடுத்த வருஷமும் தேர்வு வரும். அப்புறம், யார் சொல்லி மாற்றினாய் என்று உன் பயிற்சியாளர் கேட்டபோது நீ வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். என்னைக் காப்பாற்றத்தான் சும்மா இருந்தாய் என்று தெரியும். என் பேச்சு நாலு பேர் வாயில் விழுவது எனக்குப் பிடிக்காது என்பதும் உனக்குத் தெரியும். இப்போது சொல்கிறேன், இந்தக் கடிதத்தை அவரிடம் கொண்டுபோய் ஒருவரி விடாமல் இந்தியில் சொல்லு. என் தாய் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள் என்று சொல்லு. அவர் சிரித்தால் சிரிக்கட்டும். சுருளையும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன், மெஷின் கிடைத்தால் அவரே முன்பக்கமிருந்து பார்க்கட்டும். வலது பக்கம் எவ்வளவு திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அது அவர் வேலை.

இன்னொன்று பாக்கி. ஜூன் கடிதத்தில் இடது கையால் சாப்பிடுகிறாயே என்று உன்னைக் கடிந்து எழுதியிருந்தேன். நான் எப்போ உம்மா அப்படிச் சாப்பிட்டேன், என் கை எனக்குத் தெரியாதா என்று நீ பதில் எழுதினாய். அந்தக் கடிதத்தை நேற்று பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன். கண்ணால் பார்த்ததை மறைக்கிறான், வெளியூர் போனதும் பொய் பழகிவிட்டான் என்று அன்று நினைத்துக்கொண்டு மடித்து வைத்துவிட்டேன். அந்த ஒரு வரியை நம்பியிருந்தால் நீ விழுந்திருக்கமாட்டாய். நீயோ என் கடிதத்தை ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டாய்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நொடியாத கைகாலையும் தரவேண்டும். வாப்பா, மாமா, மாமி எல்லோரும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. தோள் சரியாகி மறுபடி ஓடும் நாளில் எழும்பும் இடத்து மண்ணைக் கொஞ்சம் நனைத்து வைத்துக்கொள். தாண்டி முடித்ததும் நீயே குனிந்து உன் காலடித் தடம் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார். பார்த்து எனக்கு ஒரு கார்டு எழுது. நீ என்ன எழுதினாலும் அதுதான் சரி என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் உம்மா
அமீருன்னிசா